இடித்த வீடு எங்கே போகிறது?

தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கக்கூடும். கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை, நடுவே நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுமாகக் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். இந்தப் பசுமைக்கு முல்லைப் பெரியாறு அணையின் நீரே காரணம் என்பது எல்லோரும் அறிந்தது. பென்னிகுவிக் என்ற பொறியாளரின் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணை எதைக் கொண்டு கட்டப்பட்டது என்று கேட்டால், 'கல்லும் சுண்ணாம்பும்' என்று விடை சொல்வீர்கள். விடை சரிதான். ஆனால் ஒரு பொருள் விடுபட்டுவிட்டது. அதன் பெயர் சுர்க்கி.

சுர்க்கி என்பது வேறொன்றுமில்லை. சுட்ட களிமண்ணை, அதாவது செங்கல்லை, இடித்து அரைத்த தூள். தண்ணீருக்குள் நிற்கும் அணைக்குச் செங்கல் தூள் எதற்கு? வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து, காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சித்தான் மெல்ல மெல்ல இறுகும். நீருக்கடியில் அந்த வாயு போதிய அளவு கிடைக்காது. சாந்து இறுகாமல் கரைந்துபோகும். களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் தம் பழைய கட்டமைப்பை இழந்து, வினைபுரியத் தயாரான நிலையை அடைகின்றன. அந்தத் தூள், நீற்றிய சுண்ணாம்புடனும் நீருடனும் சேரும்போது கால்சியம் சிலிகேட் என்னும் பிணைப்புப் பொருள் உண்டாகிறது. இன்றைய சிமெண்டுக்கு வலிமை தருவதும் ஏறத்தாழ இதே பொருள்தான். இது இறுகக் காற்று வேண்டாம், ஈரமே போதும். பண்டைய ரோமானியர் தங்கள் நீர்த்தொட்டிகளுக்கு உடைந்த ஓட்டையும் செங்கல்லையும் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்ததும் இதற்காகவே.

அணை போன்ற பெருவேலைக்கு வேண்டிய சுர்க்கியை இடிந்த வீடுகளிலிருந்து திரட்ட முடியாது. அதற்கென்றே மண்ணைச் சுட்டாக வேண்டும். ஆனால் நம் கொத்தனார்களின் வேலையில் உடைந்த செங்கல்லுக்கு எப்போதும் ஓரிடம் இருந்துவந்தது. மாடித் தளம் போடும்போது செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். மழை ஒழுகாது, வெயிலும் இறங்காது. உடைந்த செங்கல்லைக் குப்பை என்று கருதும் வழக்கம் நமக்குப் பழையதல்ல.

சாந்து மாறியது, இடிபாடும் மாறியது

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டைப் பிரித்தால் என்ன நடக்கும் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பிரித்தல்' என்ற சொல்லையே கவனியுங்கள், 'இடித்தல்' அல்ல. நிலை, கதவு, ஜன்னல், உத்திரம், கைமரம், நாட்டு ஓடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். சுவரைக் கடப்பாரையால் நெம்பினால் செங்கல் முழுசாக விடுபடும். அதில் ஒட்டிய காரையைக் கொத்துக் கரண்டியால் தட்டினால் உதிர்ந்துவிடும். அந்தச் செங்கல் இன்னொரு சுவருக்குப் போகும்.

இது எப்படி முடிந்தது? சுண்ணாம்புச் சாந்து, தான் பிணைக்கும் செங்கல்லைவிட மென்மையானது. எனவே விசை வரும்போது சாந்துதான் விட்டுக்கொடுக்கும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டுச் சாந்தின் கதை வேறு. அதன் பிடி பல நேரங்களில் நாட்டுச் செங்கல்லின் வலிமைக்கு ஈடாகவோ மேலாகவோ இருக்கிறது. சுவரை இடித்தால் செங்கல் உடையும். சாந்து அதை விடாது. கிடைப்பது செங்கல் அல்ல, செங்கல்லும் சிமெண்டும் கலந்த கட்டிகள். அதன்மேல் ஜேசிபி இயந்திரம் வந்து, கூரைக் கான்கிரீட், தரை ஓடு, பிளாஸ்டிக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் புரட்டிவிட்டால், பிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கம்பியை மட்டும் யாரும் விடமாட்டார்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கு உடனே காசு உண்டு. மரத்துக்கும் கதவுக்கும் வாங்குவோர் உண்டு. மீதமுள்ள கல், சாந்து, கான்கிரீட் ஆகியவற்றை லாரிக்காரர்கள் 'ரப்பிஷ்' என்பார்கள். அதை அகற்ற வீட்டுக்காரர் பணம் கொடுக்க வேண்டும். 'மண் அடிக்க' ஆள் தேடும் பள்ளமான மனை ஏதும் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டிராக்டர் எங்கே போய்க் கவிழ்க்கும்? ஓடைக்கரை, கண்மாய் உள்வாய், ஆற்றோரம், இரவு நேரத்தில் யாரும் கேட்காத சாலையோரம்.

இதனால் என்ன கெடுதல், கல்லும் மண்ணும்தானே என்று கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் சாகுபடி நடக்கும் 14,707 ஏக்கரும் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வரும் நீரை நம்பியிருக்கின்றன. வாய்க்காலின் சரிவு மிகக் குறைவானது. அதன் அடித்தளத்தில் ஒரு அடி உயரத்துக்கு இடிபாடு சேர்ந்தாலே கடைமடைக்கு நீர் போய்ச் சேருவது தடுமாறும். கண்மாயில் கொட்டினால், கொட்டிய கன அளவுக்கு நீர் குறையும். வண்டலைப் போல அதை அள்ளி வயலுக்கு எருவாகப் போடவும் முடியாது. புதிதாக உடைந்த கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, தேங்கிய நீரைக் காரமாக்குவதும் உண்டு. மற்றொரு பக்கம், இதே பள்ளத்தாக்கில் புதுவீட்டுக்கு வேண்டிய ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறையை உடைத்தாக வேண்டியிருக்கிறது. ஊரின் ஒரு மூலையில் கல்லைக் கொட்டிப் பள்ளத்தை மூடுகிறோம். இன்னொரு மூலையில் கல்லுக்காகப் பள்ளம் தோண்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றில் கட்டட இடிபாட்டைப் பற்றி, அதைத் தனியாகச் சேகரித்து முறைப்படி அகற்ற வேண்டும் என்ற அளவில் ஒரு குறிப்பே இருந்தது. 2016 மார்ச் மாதத்தில்தான் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் என்று தனி விதிகள் அறிவிக்கப்பட்டன. இடிபாட்டை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பாளி; போக்குவரத்தையோ வடிகாலையோ மறிக்கும்படி கொட்டக்கூடாது; உள்ளாட்சி அமைப்பு சேகரிப்பிடம் அமைக்க வேண்டும்; அரசு, நகராட்சி ஒப்பந்த வேலைகளில் 10 முதல் 20 விழுக்காடு வரை மறுசுழற்சிப் பொருள்களை வாங்க வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. ஐந்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் மறுசுழற்சி வசதியைச் செயல்படுத்த மூன்றாண்டு தவணை தரப்பட்டது.

ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோருக்குக் கூடுதல் கடமை இருந்தது. அவர்கள் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என நான்கு வகையாகப் பிரித்து வைக்க வேண்டும். முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும்.

இந்த எண்களை நம் ஊர் அளவில் கணக்கிட்டுப் பார்ப்போமா? உறுதியான கட்டடம் ஒன்றை இடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோகிராம் கழிவு வரும் என்பது 2001இல் மத்திய அரசின் தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு மன்றம் தந்த மதிப்பீடு. ஆயிரம் சதுர அடி வீடு என்பது 93 சதுர மீட்டர். எனவே கழிவு ஏறத்தாழ 46 டன். நம் வழக்குப்படி சொன்னால் பன்னிரண்டு யூனிட் போல வரும். மாதம் 300 டன் என்ற எல்லையைத் தொட வேண்டுமானால் 6,500 சதுர அடிக் கட்டடம் இடிபட வேண்டும். அது ஒரு திருமண மண்டபம். சாதாரண வீடு அல்ல.

ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். அந்த ஆயிரம் சதுர அடி வீட்டைக் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு பத்து நாள் இடித்தால் நாளுக்கு ஐந்து டன் கூட வராது. வீட்டுக்காரர் விதியின் கண்ணில் சிறியவர். ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளிவிட்டால் 46 டன், அவர் பெரியவராகிவிடுகிறார்! இது அறிவியல் நோக்கில் பொருத்தமானதே. கையால் இடிக்கும்போது பொருள்கள் தாமே பிரிகின்றன, இயந்திரம்தான் கலந்துவிடுகிறது. ஆனால் தெருவில் கிடக்கும் குவியலை எடைமேடைக்குக் கொண்டுபோய் யார் நிறுக்கப் போகிறார்கள்?

2025 ஏப்ரலில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் இவை 2016 விதிகளின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று அறிவிப்புக் கூறியது. 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டட வேலைகளுக்கு இவை புதியதொரு பொறுப்பைச் சுமத்துகின்றன. கட்டுபவர் பதிவு செய்துகொண்டு, தம் கழிவில் ஆண்டுக்காண்டு கூடிவரும் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போனதற்குச் சான்று காட்ட வேண்டும். பெருநகரங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் 20,000 சதுர மீட்டர் என்பது இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி! ஆயிரம் சதுர அடி வீடுகள் இருநூற்றுப் பதினைந்தைச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். தேனியிலும் சின்னமனூரிலும் நாம் காணும் இடிபாடு அப்படி ஒரே இடத்தில் வருவதில்லை. இங்கே ஒரு மாடிப்படி, அங்கே ஒரு சமையலறை, சாலை அகலப்படுத்தியபோது முகப்பை இழந்த ஒரு கடை என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. துண்டுகள் விதியின் சல்லடைக் கண்களில் விழுந்துவிடுகின்றன. மிஞ்சும் சுமை நகராட்சியின் தோளில்.

ஒன்பது வீட்டுப் பசி

அப்படியானால் நகராட்சி ஓர் ஆலை வைக்கலாமே? இந்தியாவின் முதல் இடிபாட்டு மறுசுழற்சி ஆலை 2009இல் டெல்லியின் புராரியில் அமைந்தது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் நாளொன்றுக்கு 400 டன் அளவிலான ஆலைகள் நிறுவப்பட்டன. அத்தகைய ஆலை ஒன்றுக்குத் தீனி போட நாள்தோறும் ஒன்பது வீடுகள் இடிபட வேண்டும். தேனி மாவட்டத்தின் நகராட்சிகள் ஆறு: தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர். 2011 கணக்கெடுப்பில் ஆறு ஊர்களின் மக்கள்தொகையையும் கூட்டினால்கூட நான்கு லட்சத்தைத் தொடவில்லை. தனித்தனியாக எந்த ஊராலும் ஒரு பெரிய ஆலையை ஓட்ட முடியாது. இடிபாட்டை மதுரை வரை ஏற்றிச் செல்வதும் கட்டுபடியாகாது. எடை அதிகம், விலை குறைவு; ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் டீசல் செலவே பொருளின் விலையை விழுங்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடை, என் கருத்தில், வயலிலேயே இருக்கிறது. அறுவடை இயந்திரத்தை ஒவ்வொரு விவசாயியும் வாங்கி வைத்திருக்கிறாரா? இல்லை. பருவத்தில் அது ஊர் ஊராக வருகிறது. அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறது. அதுபோல, லாரியில் ஏற்றிச் செல்லத்தக்க நடமாடும் நொறுக்கிகள் உலகில் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளன. ஆறு நகராட்சிகளும் பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளத்துக்குள், போடியை மட்டும் சற்று ஒதுங்கிய கிளையாகக் கொண்டு, ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் வேலியிட்ட ஒரு சேகரிப்பிடம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நொறுக்கி. குவியல் சேர்ந்ததும் இயந்திரம் வந்து உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். மாவட்டமே ஒன்றாகச் சேர்ந்தால்தான் இது நடக்கும் என்பது உண்மை.

நொறுக்கியில் நடப்பது என்ன? முதலில் கையால் மரம், பிளாஸ்டிக், துணி ஆகியவை பொறுக்கப்படும். பிறகு இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கட்டிகள் நொறுங்கும். ஓடும் பட்டைக்கு மேலே தொங்கும் காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்ளும். அதிரும் சல்லடைகள் பெருஜல்லி, சிறுஜல்லி, தூள் என்று பிரிக்கும். தூசு பறக்காமல் நீர் தெளிப்பது மிக முக்கியம். அந்தத் தூசிலுள்ள நுண்ணிய சிலிகா நுரையீரலைக் கெடுக்கும்.

பழைய ஜல்லி புதிய ஜல்லியாகுமா?

இது நியாயமான ஐயம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மலைக்கல் ஜல்லி, உடைந்த பழைய கான்கிரீட், செங்கல் துண்டு ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடுத்து, நன்கு உலர்த்தி நிறுத்துக்கொள்ளுங்கள். இருபத்துநான்கு மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். எடுத்து, மேற்பரப்பு ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி நிறுங்கள். மலைக்கல்லின் எடை பத்து கிராம் கூடியிருந்தாலே அதிகம். பழைய கான்கிரீட் முப்பது முதல் அறுபது கிராம் வரை கூடியிருக்கும். செங்கல் நூற்றைம்பது கிராமைத் தாண்டினாலும் வியப்பில்லை.

கான்கிரீட்டை உடைக்கும்போது ஒவ்வொரு கல்லிலும் பழைய சாந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சாந்தில் நுண்துளைகள் நிறைய. உலர்ந்த நிலையில் இந்த ஜல்லியைக் கலவையில் போட்டால், சிமெண்டுக்காக ஊற்றிய நீரை அது குடித்துவிடும். கலவை இறுகிப்போய் வேலை செய்ய வராது. கொத்தனார் இன்னும் நீரை ஊற்றினால் வலிமை குறையும். ஜல்லியை முன்னதாகவே நனைத்து வைப்பதுதான் வழி. அப்படியும் ஒட்டிய பழைய சாந்து ஒரு பலவீனமான அடுக்காகவே இருக்கும் என்பதால், எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர அளவீடு ஐ.எஸ். 383. அதன் 1970 பதிப்பு இயற்கையில் கிடைத்த கல்லையும் மணலையும் மட்டுமே ஏற்றது. அதாவது, இடிபாட்டு ஜல்லியைப் பயன்படுத்த விரும்பிய பொறியாளருக்கும் விதி இடம் கொடுக்கவில்லை. 2016இல் வந்த திருத்தப் பதிப்பு கதவைத் திறந்தது. கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், எம் 25 தரத்துக்கு மேற்படாத கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் சேர்க்கலாம். அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுக்க முழுக்க அதையே போடலாம். செங்கல், ஓடு எல்லாம் கலந்த ஜல்லிக்கு இந்த மெலிந்த கான்கிரீட் மட்டுமே அனுமதி. சாலைகளின் அடிப்படுகையில் இடிபாட்டைப் பயன்படுத்துவதற்கு இந்தியச் சாலைப் பேரவை 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தெருவோரத் தடுப்புக் கல், நடைபாதைப் பதிகல், சுற்றுச்சுவருக்கான கட்டிகள் ஆகியவற்றுக்கும் இது ஏற்றது. டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்தில் இடிபாட்டிலிருந்து செய்த கட்டிகள் லட்சக்கணக்கில் பயன்பட்டன. ஆகவே 'பழைய கல், மட்டமான கல்' என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. அதே சமயம், தூணுக்கும் உத்திரத்துக்கும் முழுக்க இதையே போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கலப்படம்தான் இந்த ஜல்லியின் பெரும் பகை. ஜிப்சப் பூச்சு சேர்ந்துவிட்டால் அதிலுள்ள சல்பேட், புதிய கான்கிரீட்டை உள்ளிருந்து உப்பச் செய்து விரிசல் விழ வைக்கும். மரத்தூள் ஊறி வீங்கும். ஆகையால் தரம் நொறுக்கியில் தீர்மானமாவதில்லை. வீட்டை இடிக்கும் முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அப்படி ஒரு வேலை நடக்கப்போகிறது என்றால், ஒப்பந்தக்காரரிடம் இரண்டு நாள் கூடுதலாக ஆகட்டும் என்று முன்பே பேசிக்கொள்ளலாம். முதலில் கதவு, குழாய், கம்பி, பொய்க்கூரை ஆகியவற்றைக் கழற்றட்டும். பிறகு கூரைக் கான்கிரீட்டை இறக்கி ஒரு பக்கம் குவிக்கட்டும்; சுவர் இடிபாடு மறுபக்கம் கிடக்கட்டும். சுவர் இடிபாட்டில் ஒரு பகுதியை நொறுக்கி அதே மனையில் தரைக்குக் கீழே நிரப்பிவிட்டால், அத்தனை நடை வண்டி வாடகை மிச்சம்.

இந்தக் குவியல்கள் எதிலும் சேர்க்கக்கூடாத பொருள் ஒன்று உண்டு. மாட்டுக்கொட்டகையிலும் பழைய கடைகளிலும் வேய்ந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு அது. உடைத்தால் அதன் இழைகள் காற்றில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். அதைச் சம்மட்டியால் அடிக்காமல், நீர் தெளித்து நனைத்து, திருகாணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். இறக்குபவர் முகமூடி அணிந்திருக்க வேண்டும். தகடுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியே வைத்து, அபாயக் கழிவாகவே அனுப்ப வேண்டும். நொறுக்கிக்கு ஒருபோதும் போகக்கூடாது.